சிவப்புக் குறி: எல்லாமே அவசரம் என்றால் எதுதான் அவசரம்?



இன்று நான் எழுதப்போவது மிகச் சிறிய ஒரு குறியைப் பற்றி. மின்னஞ்சல் எழுதி முடித்து, ‘அனுப்பு’ என்பதை அழுத்துவதற்கு முன்னர், சிலர் இன்னொரு பொத்தானையும் அழுத்துகிறார்கள். அவுட்லுக் செயலியில் அது சிவப்பு நிற வியப்புக்குறியாக இருக்கும். அதை அழுத்தி அனுப்பினால், பெறுபவரின் பட்டியலில் அந்த மடலுக்குப் பக்கத்தில் அதே சிவப்புக் குறி நிற்கும். ‘இஃது உயர் முன்னுரிமை மடல். மற்றவற்றை ஒதுக்கிவிட்டு என்னை முதலில் படி’ என்பது அதன் பொருள்.

இந்தக் குறிக்கு எதிராகத்தான் எழுதுகிறேன். ஒரு வியப்புக்குறியை எதிர்த்து ஒரு கட்டுரையா என்று நீங்கள் நகைக்கலாம். மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும் இக்காலத்தில், தமிழ்ப்பள்ளிக்கு இதைவிடப் பெரிய சிக்கல்கள் இல்லையா என்றும் கேட்கலாம். இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால், இந்தச் சிறு குறி எங்கள் பள்ளிப் பிள்ளை ஒருத்தியை மருத்துவமனைக் கட்டில்வரை கொண்டுபோய்விட்டது. அந்தப் பிழையில் எனக்குப் பெரும் பங்குண்டு. ஆகவே எழுதுகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை

2023-ஆம் ஆண்டின் நடுப்பகுதி. மறுநாள் சனிக்கிழமை எங்கள் பள்ளியின் குறுக்கோட்டப் போட்டி. வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு இரண்டு பாடவேளைகள் ஓய்வு. ஆசிரியர் அறைக் கணினியில் மின்னஞ்சலைத் திறந்தேன். படிக்காத மடல்கள் 14. அவற்றுள் 11 மடல்களில் சிவப்புக் குறி.

அந்த 11 மடல்களில் இருந்தவை இன்றும் எனக்கு நினைவிருக்கின்றன. சட்டை அளவுப் பட்டியல் கேட்டு ஒன்று. நிலாம் வாசிப்புத் திட்டப் பதிவுகளின் எண்ணிக்கை கேட்டு ஒன்று. சென்ற வாரம் அனுப்பிய அதே விவரத்தை வேறொரு படிவத்தில் மீண்டும் நிரப்பித் தரச்சொல்லி ஒன்று. ‘முந்தைய மடலில் இணைப்பு விடுபட்டுவிட்டது’ என ஒன்று. அந்த இணைப்பே தவறானது என அடுத்தது. நடந்து முடிந்து மூன்று வாரமாகிவிட்ட பட்டறையின் நிழற்படங்கள் உடனே தேவை என மற்றொன்று. இவற்றுள் நான்கு மடல்களின் தலைப்பில் ‘செகெரா’ என்ற மலாய்ச் சொல் பெரிய எழுத்தில் நின்றது. அரசாங்கக் கடிதங்களில் ‘உடனடி’ என்பதற்குக் குத்தப்படும் அதே சொல். அதன் பின்னால் மூன்று வியப்புக்குறிகள். அவையும் போதாவென்று பக்கத்தில் சிவப்புக் குறி.

என் இரண்டு பாடவேளைகளும் அவற்றுக்கு விடையளிப்பதிலேயே தீர்ந்தன. குறியில்லாத மூன்று மடல்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த மூன்றில் ஒன்றின் தலைப்பு, ‘வணக்கம் ஐயா’.

சனிக்கிழமை காலையில் ஓட்டம் தொடங்கிற்று. பாதி வழியில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய மண்சாலையின் ஓரத்தில், நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி உட்கார்ந்துவிட்டாள். உதடுகள் வெளுத்திருந்தன. தோள்கள் ஏறி ஏறி இறங்கின. பெயரைக் கேட்டால் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. ஆஸ்துமா என்னும் இளைப்பு நோய். பள்ளி வளாகத்தில் கிடந்த முதல் காரிலேயே ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். நல்லவேளையாகப் பிழைத்தாள். இப்பொழுது இடைநிலைப் பள்ளியில் நலமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

இரவு வேலை முடிந்து, தொழிற்சாலைச் சீருடையோடு அவளுடைய தாயார் மருத்துவமனைக்கு வந்தார். என்னைப் பார்த்து மெல்லக் கேட்டார்: “ஐயா, நான் மின்னஞ்சல் போட்டேனே, வந்து சேரலையா?” அந்தக் குரலில் சினமில்லை. தாம் ஏதோ தவறாக அனுப்பிவிட்டோமோ என்ற அச்சந்தான் இருந்தது. என்னைத் திட்டியிருந்தால்கூட நான் இவ்வளவு கூசியிருக்கமாட்டேன்.

அங்கேயே கைப்பேசியில் அந்த மடலைத் திறந்து படித்தேன். மூன்று இரவுகளாகப் பிள்ளைக்கு இளைப்பு, கிளினிக்கில் மருந்து கொடுத்திருக்கிறார்கள், ஓடவேண்டும் என்று அடம்பிடிக்கிறாள், நான் சொன்னால் அழுகிறாள், நீங்கள் சொன்னால் கேட்பாள், தயவுசெய்து ஓடவிடாதீர்கள். இவ்வளவுதான். வியாழன் இரவு, வேலைக்குப் போகுமுன் எழுதப்பட்டது. முதல் வரி இப்படித் தொடங்கியிருந்தது: “நேரம் கிடைக்கும்போது பாருங்க ஐயா.”

வகுப்புப் பெற்றோருக்கான புலனக் குழுவில் எழுதியிருக்கலாமே என்று கேட்காதீர்கள். குழுவில் செய்திகள் பெருகிவிட்டன என்று, நிருவாகி மட்டுமே எழுதலாம் என மாற்றிவைத்தவன் நான். கைப்பேசியில் அழைத்திருக்கலாமே என்றும் கேட்காதீர்கள். ஆண்டுத் தொடக்கப் பெற்றோர் கூட்டத்தில், “அழைக்க வேண்டாம், எதுவானாலும் மின்னஞ்சலில் எழுதுங்கள், கட்டாயம் படிப்பேன்” என்று ஒலிபெருக்கியில் சொன்னவனும் நான்தான். அந்தத் தாயார் நான் சொன்னபடியே செய்தார்.

வரிசையை யார் முடிவு செய்வது?

மருத்துவமனையின் விசுப்பலகையில் காத்திருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். நம் நாட்டு அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பகுதிகள் உண்டு. வருகிறவரை வாயிலிலேயே ஒருவர் பார்க்கிறார். மூச்சு, நாடி, நினைவு ஆகியவற்றைக் கணித்து இன்ன பகுதிக்குப் போ என்கிறார். எங்கள் மாணவியைப் பார்த்த நொடியிலேயே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அதே நேரத்தில், கால் சுளுக்கிக்கொண்ட ஒருவர் தமக்கு வேலைக்குப் போக நேரமாகிறது என்று உரக்கச் சண்டையிட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பச்சைப் பகுதியில் அமரச் சொன்னார்கள். அவர் குரலை உயர்த்தியதால் அவருடைய நிறம் மாறிவிடவில்லை.

அங்கே நிறத்தை நோயாளி தேர்ந்தெடுப்பதில்லை. வரிசையில் இருக்கும் எல்லாரையும் பார்க்கிற ஒருவர் தேர்ந்தெடுக்கிறார். இந்த ஓர் ஏற்பாட்டினால்தான், வாய் திறந்து கேட்க முடியாத ஒரு பிள்ளை முதலில் உள்ளே போக முடிந்தது.

இப்பொழுது நம்முடைய மின்னஞ்சலைப் பாருங்கள். சிவப்புக் குறியைப் போடுகிறவர் தம்முடைய ஒரு மடலைத்தான் அறிவார். என்னுடைய பெட்டியில் வேறு என்னென்ன காத்திருக்கின்றன என்பது அவருக்குத் தெரியாது, தெரியவும் முடியாது. அவர் சொல்லக்கூடியது ‘எனக்கு இஃது அவசரம்’ என்பது மட்டுமே. ‘உனக்கு இதுவே முதல் வேலை’ என்று சொல்வதற்கு அவரிடம் அடிப்படையே இல்லை. ஆனால், குறி சொல்வது இந்த இரண்டாவது செய்தியைத்தான். மடல் அனுப்புகிறவர் முன்னுரிமையை நிர்ணயிப்பது, நோயாளியே தம் சட்டையில் சிவப்பு அட்டையைக் குத்திக்கொண்டு வருவதைப் போன்றது. இதுதான் என் வாதத்தின் அடித்தளம்.

குறி உண்மையில் என்ன செய்கிறது?

சிவப்புக் குறி போட்டால் மடல் விரைந்து போகும் என்று நம்முள் பலர் நம்புகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது பிழை.

மின்னஞ்சலின் தலைப்பகுதியில் அனுப்புநர், பெறுநர், நாள் போன்ற விவரங்களோடு கண்ணுக்குப் புலப்படாத ஒரு வரியாக இந்த முன்னுரிமை எழுதப்படுகிறது. 1998 ஜனவரியில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 2156 என்னும் இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில் இதற்கு இரண்டு தனித்தனி வரிகள் உள்ளன. ஒன்று, செய்தி எவ்வளவு முக்கியமானது என்பதைப் படிப்பவருக்குச் சொல்வது: குறைவு, இயல்பு, உயர்வு. மற்றொன்று, மடலை எவ்வளவு விரைவாகக் கொண்டுசேர்க்க வேண்டும் என்பதை வழியிலுள்ள கணினிகளுக்குச் சொல்வது: அவசரமற்றது, இயல்பு, அவசரம். இவையன்றி, 1 முதல் 5 வரை எண்ணிடும் ‘எக்ஸ்-பிரையாரிட்டி’ என்ற வரியும் செயலிகளின் வழக்கத்தில் இருக்கிறது. அதில் 1 மிக உயர்வு, 5 மிகத் தாழ்வு.

நாம் அழுத்தும் சிவப்புக் குறி முதல் வகையைச் சேர்ந்தது. அது மடலைத் தள்ளிவிடுவதில்லை. மடலின் மேல் ஒட்டப்பட்ட வண்ணச் சீட்டு, அவ்வளவே. அந்தச் சீட்டைக் காட்டுவதா, புறக்கணிப்பதா என்பதைப் பெறுபவரின் செயலி முடிவு செய்கிறது. அவுட்லுக் காட்டும். கல்வி அமைச்சின் டெலிமா கணக்கு வழியாக நம்முள் பலர் பயன்படுத்தும் ஜிமெயிலில், எழுதும் இடத்தில் அப்படியொரு பொத்தானே கிடையாது. 2010-இல் கூகுள் அறிமுகப்படுத்திய முன்னுரிமைப் பெட்டி வேறு வழியில் இயங்குகிறது. பெறுபவர் யாருடைய மடல்களைத் திறக்கிறார், எவற்றுக்கு மறுமொழி எழுதுகிறார் என்பதைக் கவனித்து, பெறுபவர் பக்கத்திலிருந்து வரிசைப்படுத்துகிறது. மருத்துவமனை வாயிலில் நிற்பவரின் முறைக்கு அஃது ஓரளவு நெருக்கமானது.

இங்கே நாம் நாணவேண்டிய ஒன்று உண்டு. ‘முக்கியம்’ வேறு, ‘அவசரம்’ வேறு என்பதைக் கணினிப் பொறியாளர்கள் பிரித்துவைத்திருக்கிறார்கள். மொழி ஆசிரியர்களாகிய நாம் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டோம். அவசரம் என்பது காலத்தைப் பற்றியது. முக்கியம் என்பது கனத்தைப் பற்றியது. சட்டை அளவுப் பட்டியல் அவசரமாக இருக்கலாம், அது முக்கியமன்று. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு வாய்ப்பாடாக உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது முக்கியம். ஆனால், எந்த மடலும் அதை அவசரம் என்று சொல்வதில்லை. அதனால் அது நாள்தோறும் நாளைக்குத் தள்ளப்படுகிறது.

திருக்குறளின் வினைசெயல்வகை அதிகாரத்தில் உள்ள 672-ஆம் குறளை நாம் அனைவரும் அறிவோம். காலம் எடுத்துச் செய்யவேண்டியதைக் காலம் எடுத்துச் செய். காலம் தாழ்த்தாமல் செய்யவேண்டியதைக் காலம் தாழ்த்தாதே என்பது அதன் கருத்து. வள்ளுவர் இரண்டு வகை வினைகளைச் சொன்னார். நம்முடைய பெட்டியிலோ ஒரே வகைதான் உண்டு.

தந்தியின் பெறுமதி

என் தாத்தா தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அவர் காலத்தில் ஊரிலிருந்து தந்தி வந்தால், கிராணியார் அதை எடுத்துக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்து வரும்போதே பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்களாம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. பிரித்துப் படிக்கவும் பலருக்குத் தெரியாது. ஆனாலும் தந்தி என்றால் சாவு, அல்லது சாவுக்கு அடுத்த நிலை என்று எல்லாருக்கும் தெரியும்.

தந்திக்கு அந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது? சொல்லுக்குச் சொல் காசு கொடுக்க வேண்டும். கூலிக்காரனுக்கு அந்தக் காசு வலிக்கும். ஆகவே, சட்டை அளவு கேட்டு யாரும் தந்தி அடிக்கவில்லை. அனுப்புகிறவனுக்கு வலித்ததால், பெறுகிறவன் நம்பினான்.

இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையோடு நின்றுபோனது. இன்று நம் கையிலிருக்கும் சிவப்புக் குறிக்கு ஒரு சென்கூடச் செலவில்லை. செலவில்லாத குறியை எல்லாரும் எல்லாவற்றுக்கும் போடுவார்கள். ஒருவர் போட்டால் அடுத்தவரும் போட்டாக வேண்டும். இல்லையேல் அவருடைய மடல் அடியில் போய்விடும். வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்று கையைத் தூக்கினால், அவனுக்குப் பின்னால் இருப்பவன் நாற்காலியின் மேல் ஏறுவான். கடைசியில் வகுப்பு முழுதும் நாற்காலியின் மேல் நிற்கும். ஆசிரியருக்குத் தெரிவது முன்பு தெரிந்ததைவிடக் குறைவாகவே இருக்கும்.

யாருடைய தாமதம்?

இனிச் சற்றுக் கசப்பான செய்திக்கு வருகிறேன். சிவப்புக் குறியோடு வரும் மடல்களின் இணைப்பைத் திறந்து, மூலக் கடிதத்தின் நாளைப் பார்க்கும் பழக்கத்தை அந்த நிகழ்வுக்குப் பின்னர் ஏற்படுத்திக்கொண்டேன். நீங்களும் பாருங்கள். மூன்றாம் நாளிட்ட கடிதம். மேலிருந்து கீழாக ஒவ்வொரு மேசையாகத் தங்கி இளைப்பாறி, 14-ஆம் நாள் மாலையில் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கும். விடை கேட்கும் நாள், 15 நண்பகல். பதினோரு நாள் யாருக்கும் அவசரமாக இல்லாத ஒன்று, வகுப்பாசிரியரின் பெட்டிக்குள் நுழையும்போது மட்டும் எப்படி அவசரமாகிவிடுகிறது?

என் கருத்தில், நமக்கு வரும் சிவப்புக் குறிகளுள் பெரும்பாலானவை செய்தியின் அவசரத்தைக் காட்டுவதில்லை. வழியில் நேர்ந்த தாமதத்தைத்தான் காட்டுகின்றன. தம் மேசையில் உறங்கிய காலத்தைப் பிறருடைய ஓய்வு வேளையிலிருந்து வசூலித்துக்கொள்ளும் முத்திரை அது. எந்த ஒரு தனி அலுவலகத்தையும் சாட நான் இதை எழுதவில்லை. மேசையில் இருப்பவரும் அவருக்கு மேலே உள்ளவரால் விரட்டப்படுகிறவர்தாம். ஆனால், அந்த விரட்டல் இறுதியில் வந்து நிற்கும் இடம் வகுப்பறை. அங்கே 30 பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே அனுப்புவதற்கு வேறு யாருமில்லை.

இதையும் எண்ணிப் பாருங்கள். மேலிருந்து கீழே வரும் மடல்களில் சிவப்புக் குறி இருக்கிறது. கீழிருந்து மேலே போகும் மடல்களில் எத்தனை முறை அதைப் பார்த்திருக்கிறீர்கள்? கழிப்பறைக் கதவு உடைந்துவிட்டது, கூரை ஒழுகுகிறது, தற்காலிக ஆசிரியர் தேவை என்று மேலிடத்துக்கு எழுதும்போது நாம் அந்தக் குறியைப் போடத் துணிகிறோமா? இல்லை. ‘தங்களின் மேலான கவனத்திற்கு’ என்று பணிந்து எழுதிவிட்டுக் காத்திருக்கிறோம். பெற்றோர் நமக்கு எழுதும்போதும் அதே கதைதான். அந்தத் தாயார் ‘நேரம் கிடைக்கும்போது பாருங்க’ என்றுதான் எழுதினார். தம் பிள்ளையின் மூச்சைப் பற்றி எழுதும்போதுகூட, ஓர் ஆசிரியரின் நேரத்தைத் தாம் கோருவது மிகையோ என்று கூசினார்.

ஆக, சிவப்புக் குறி அவசரத்தின் வரிசையைக் காட்டவில்லை; அதிகாரத்தின் வரிசையைக் காட்டுகிறது. குறியைப் பார்த்து மடல்களை வரிசைப்படுத்தும் ஆசிரியர், தம்மையறியாமலே அதிகாரமுடையவரை முதலிலும் பணிவுடையவரைக் கடைசியிலும் வைக்கிறார். அந்த வெள்ளிக்கிழமையில் நான் செய்ததும் அதுவே. தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை நம்பி அனுப்புகிறவர்களுள் பலர் இந்தத் தாயாரைப் போன்றவர்கள். அவர்களுடைய பணிவை ‘அவசரமின்மை’ என்று படிக்கும் ஒரு முறையை நாம் வைத்திருக்கலாமா?

நண்பர் ஒருவரின் மறுப்பு

உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு மறுத்தார். “ஐயா, குறி போட்டாலே சிலர் விடையளிப்பதில்லை. போடாவிட்டால் திறந்தே பார்க்கமாட்டார்கள். கெடு தாண்டினால் மேலிடத்தில் ஏச்சு வாங்குவது நான்தானே?”

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நானும் குறி போட்டவன்தான். இல்ல விளையாட்டுக்கான சட்டைப் பணத்தைக் கேட்டுப் பெற்றோர்க்கு மூன்று முறை சிவப்புக் குறியோடு எழுதியிருக்கிறேன். பணம் விரைந்து வரவில்லை. அடுத்த முறை நான் எழுதியதைச் சிலர் திறக்காமலே விட்டார்கள் என்பதுதான் நடந்தது. புலி வருகிறது, புலி வருகிறது என்று கூவிய இடையனின் கதையை வகுப்பில் நடத்துகிற நமக்கு, அதன் பாடத்தை யார் நடத்துவது?

நண்பருக்கு நான் சொன்ன விடை இதுதான். உங்களுடைய மடல் திறக்கப்படாததற்குக் காரணம் குறி இல்லாமை அன்று. தலைப்பில் செய்தி இல்லாமை. ‘மிக மிக அவசரம்’ என்ற தலைப்பு எனக்கு எதைச் சொல்கிறது? நீங்கள் பதறுகிறீர்கள் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. ‘4 பாரதி: வருகைப் பட்டியல், 15-ஆம் நாள் நண்பகலுக்குள்’ என்று எழுதுங்கள். யார் செய்ய வேண்டும், என்ன செய்ய வேண்டும், எப்பொழுதுக்குள் என்ற மூன்றும் அதில் அடங்கிவிட்டன. வரிசையை நான் முடிவு செய்துகொள்வேன். என் வரிசையை நான்தானே அறிவேன்? அதிகாரப்பூர்வக் கடிதம் எழுதக் கற்பிக்கும்போது, தலைப்பைப் படித்தாலே கடிதத்தின் நோக்கம் விளங்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். நாமும் அதைச் செய்யலாமே.

நாம் செய்யக்கூடியவை

குறை சொல்லிவிட்டு ஒதுங்குவது ஆசிரியருக்கு அழகன்று. எங்கள் ஆசிரியர் அறையில் சிலர் கூடிப் பேசிக் கடைப்பிடித்துவரும் வழக்கங்களைச் சொல்கிறேன். சட்டமில்லை, ஓர் ஒப்பந்தம், அவ்வளவுதான்.

1. ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்தாக வேண்டியதை மின்னஞ்சலில் எழுதுவதில்லை. பிள்ளையின் உடல்நலம், பாதுகாப்பு பற்றியவற்றுக்குத் தொலைபேசிதான். மடல் என்பது பெறுபவர் தமக்கு இயலும் நேரத்தில் படிப்பதற்காக ஏற்பட்டது. உண்மையான அவசரத்தை அதில் இட்டுவிட்டுச் சிவப்புக் குறியை நம்புவது, தீப்பிடித்த வீட்டிலிருந்து அஞ்சலட்டை எழுதுவதற்கு ஒப்பாகும்.

2. சிவப்புக் குறியை நாங்கள் போடுவதில்லை. ஒரே விலக்கு: அன்றைய நாளுக்குள் செய்யாவிட்டால் ஒரு மாணவருக்குரிய வாய்ப்போ உதவியோ பறிபோகும் என்ற நிலை. ஆண்டில் இரண்டு மூன்று முறைக்கு மேல் அந்நிலை வருவதில்லை. அதனாலேயே, அது வரும்போது எல்லாரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

3. மேலிருந்து வந்த கடிதத்தைப் பிறருக்கு அனுப்பும்போது, ‘எனக்குக் கிடைத்த நாள்’ என்று ஒரு வரி சேர்க்கிறோம். யாரையும் குற்றஞ்சாட்ட வேண்டியதில்லை. நாள் தானே பேசும்.

4. தாழ் முன்னுரிமைக் குறியைப் பயன்படுத்துகிறோம். அவுட்லுக்கில் சிவப்புக் குறிக்குப் பக்கத்திலேயே கீழ்நோக்கிய நீல அம்பு ஒன்று இருக்கிறது. இத்தனை ஆண்டுப் பணியில் எனக்கு நீல அம்போடு ஒரு மடல்கூட வந்ததில்லை. ‘இதற்கு விரைவில்லை, இயன்றபோது பாருங்கள்’ என்று சொல்லும் அந்த அம்பு, அனுப்புகிறவர் உண்மையாகவே சொல்லக்கூடிய ஒன்று. பிறர் வரிசையில் முந்திக்கொள்ள நமக்கு உரிமையில்லை. ஆனால், பிறருக்கு வழிவிட எப்போதும் உரிமையுண்டு. வாழ்த்து மடல்கள், நிழற்படங்கள், நன்றியுரைகள் ஆகியவற்றுக்கு நீல அம்பு போதும்.

5. பெற்றோர் மடல்களை முதலில் படிக்கிறோம். குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், தலைப்பு ‘வணக்கம் ஐயா’ என்றிருந்தாலும், அவைதாம் முதல். அலுவல் மடல் ஒரு மணி நேரம் காத்திருந்தால் எந்தப் பிள்ளைக்கும் மூச்சு முட்டாது.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். உங்கள் மடலின் தலைப்பில் பிள்ளையின் பெயர், வகுப்பு, என்ன செய்தி ஆகியவற்றை எழுதுங்கள். ‘உடல்நலம்’ என்ற ஒரு சொல் போதும். நாளைக்கே தெரியவேண்டியது என்றால் பள்ளி அலுவலகத்துக்கு அழையுங்கள், தயங்காதீர்கள். அதே வேளையில், வீட்டுப்பாடத்தின் பக்க எண்ணைக் கேட்டு இரவு பதினொரு மணிக்கு ‘அவசரம்’ என்று எழுதும் பெற்றோரும் நம்மிடையே உண்டு. சிங்கப்பூரில் 2024 செப்டம்பரில் அந்நாட்டுக் கல்வி அமைச்சு வெளியிட்ட வழிகாட்டியில், பள்ளி நேரத்துக்குப் பின்னர் வரும் செய்திகளுக்கு அவசர நிலையைத் தவிர ஆசிரியர்கள் விடையளிக்கத் தேவையில்லை என்று சொல்லப்பட்டது. அந்த ‘அவசர நிலையைத் தவிர’ என்ற சொற்களுக்குப் பொருள் இருக்கவேண்டுமானால், அவசரம் என்ற சொல்லை நாம் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும். அது நம் இரு தரப்பாரின் பொறுப்பு.

நிறைவாக

பள்ளி நிருவாகங்களுக்கும் அலுவலகங்களில் அமர்ந்திருக்கும் நம் பெருமக்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த முறை அந்தச் சிவப்புக் குறியின்மேல் விரலை வைக்கும்போது, அந்த மடலுக்குக் கீழே என்னென்ன மடல்கள் அழுந்தப்போகின்றன என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள். உங்கள் மடல் மேலே ஏறும்போது வேறொன்று கீழே இறங்குகிறது. இறங்குகிற மடலை எழுதியவர், இரவு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு தாயாக இருக்கலாம்.

அந்தத் தாயாரின் மடலை நான் இன்னும் அழிக்கவில்லை. பெட்டியில் தனியாக வைத்திருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் எந்தக் குறியும் இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மடல்களைத் திறக்குமுன் அதை ஒருமுறை படித்துவிட்டே மற்றவற்றைப் பார்க்கிறேன்.

சிந்திப்போம் ஆசிரியர்களே. அவசரம் என்ற சொல்லுக்கு அதன் பொருளைத் திருப்பிக் கொடுப்போம்.

 

பி.கு: இக்கட்டுரையைப் படித்துவிட்டு நண்பர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்ப விரும்புகிறவர்கள் தாராளமாக அனுப்பலாம். நீல அம்போடு அனுப்புங்கள்.